தேன் தொடும் தூரம்

1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியத் தேனீப் பெட்டிகளுக்குள் ஒரு கொள்ளைநோய் புகுந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இந்தியத் தேனீயின் கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. புழுப் பருவத்தில் இருந்தவை கூட்டுப்புழுவாக மாற முடியாமல், தோலுக்குள் நீர் கோத்து, சின்னஞ்சிறு பைகளைப்போல் ஆகி, வளர வேண்டிய அறைகளிலேயே செத்துக் கிடந்தன. நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். 1976ல் தாய்லாந்தில் முதலில் அறியப்பட்டதால் அதைத் தாய்லாந்து சாக்புரூட் என்று அழைக்கிறார்கள். தேனை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் சில பருவங்களுக்குள் தங்கள் பெட்டிகளில் பெரும்பகுதியை இழந்தன. தேன் நிறைந்த வீட்டில் பிறந்து, தேனை உண்டு வளரும் உயிர் வைரஸுக்குப் பலியானது என்ற உண்மையைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. தேனுக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றலைத் தரும் நொதி, தேனீயின் தலையிலுள்ள ஓர் உணவுச் சுரப்பியில் ஊறுகிறது. புழுக்களுக்கு உணவூட்டும் இளம் தேனீக்களின் உடலில் சாக்புரூட் வைரஸ் வந்து சேருமிடங்களில் அந்தச் சுரப்பியும் ஒன்று. மருந்து ஊறும் இடத்திலேயே நோயும் தங்கி, அங்கிருந்து அடுத்த புழுவின் வாய்க்குப் போகிறது.

தேனீயின் உடல் வேறு, நம் உடல் வேறு. ஆகவே இந்த ஒரு நிகழ்வை வைத்து, தேன் மனிதரின் வைரஸ் நோய்களுக்கு உதவாது என்று தீர்ப்பெழுத முடியாது. ஆனால் சளி, ஃப்ளூ, அக்கி, கொரோனா என்று எந்த வைரஸ் பெயரைச் சொன்னாலும் தேனைத் தீர்வாக நீட்டும் பழக்கம் பெருகியிருக்கும் காலத்தில், இந்த நிகழ்வு ஒரு நல்ல கேள்வியை எழுப்புகிறது. தேன் வைரஸைக் கொல்கிறதா என்பது ஒரு கேள்வி. வைரஸால் அவதிப்படும் மனிதருக்குத் தேன் உதவுகிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான், தேனை வானளாவப் புகழ்வோரும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குவோரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். முதல் கேள்விக்கான விடை, தேன் எந்த இடத்தைத் தொடுகிறது, எவ்வளவு நேரம் தொடுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாவதற்கு வைரஸைக் கொல்லாமலேயே ஆம் என்று விடை வர முடியும். இருமல் விஷயத்தில் அப்படித்தான் வந்திருக்கிறது.

தேனின் ஆற்றல் கற்பனையில்லை. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. தண்ணீர் 17, 18 சதவீதம்தான். அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் சர்க்கரை மூலக்கூறுகள் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், தேனில் விழும் பாக்டீரியாவின் உடலிலிருந்தே நீர் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. போதாக்குறைக்குப் புளிப்பு: தேனின் அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு பொதுவாக 4ஐ ஒட்டியே இருக்கும். 1930களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள், இவை இரண்டுக்கும் அப்பால் ஏதோ ஒன்று தேனில் கிருமிகளை அடக்குகிறது என்று கண்டு அதற்கு இன்ஹிபின் என்று பெயரிட்டார்கள். அது ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என்று 1963ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. தேனீ சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, கெட்டித் தேனில் உறங்கிக் கிடக்கும். தண்ணீர் பட்டதும் விழித்து, குளுக்கோஸை உடைத்துப் பெராக்சைடைச் சுரக்கும். நியூசிலாந்தின் மானுகாச் செடியின் பூக்களிலிருந்து வரும் தேனில் பெராக்சைடை நீக்கினாலும் வீரியம் மிஞ்சியது ஏன் என்ற புதிர் 2008ல் அவிழ்ந்தது. மெத்தில்கிளையாக்சால் என்ற சிறிய மூலக்கூறு அந்தத் தேனில் மிகுந்திருந்தது. புண்களுக்கான தேன் கட்டுத்துணியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007ல் அனுமதித்ததும் இத்தகைய ஆய்வுகளின் வழியில்தான்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரை உறிஞ்சுவது, புளிப்பால் வாட்டுவது ஆகியவை உயிரோடு வளர்ந்து பெருகும் ஒன்றுக்கு எதிரான ஆயுதங்கள். பாக்டீரியா உண்கிறது, மூச்சுவிடுகிறது, பிளந்து பெருகுகிறது. அதன் பிழைப்பைக் கெடுத்தால் அது சாகும். வைரஸுக்குத் தனிப் பிழைப்பு கிடையாது. மரபுச்செய்தி, அதைச் சுற்றிப் புரத உறை, சிலவற்றில் அதன்மேல் ஒரு கொழுப்புப் போர்வை, அவ்வளவுதான். நம் செல்லுக்குள் நுழைந்த பிறகே அது பெருகுகிறது. பெராக்சைடும் அமிலமும் வெளியே கிடக்கும் வைரஸ் துகளைச் சிதைக்கக்கூடும். சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ் அமிலத்தில் நிலைகுலையும். ஆனால் செல்லுக்குள் குடியேறிவிட்ட வைரஸைத் தாக்க வேண்டுமென்றால், மருந்தும் அந்தச் செல்லுக்குள் போய்ச் சேர வேண்டும், செல்லைக் கொல்லாமல் வைரஸின் வேலையை மட்டும் தடுக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு எதிராகத் தேன் பெற்ற நற்சான்றை அப்படியே வைரஸுக்கும் எழுதிக்கொடுக்க முடியாதது இதனால்தான்.

ஆய்வகத்தில் நேராகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1996ல் வெளியான ஓர் ஆய்வு, குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்த்த ருபெல்லா வைரஸைத் தேன் தடுத்ததாகச் சொன்னது. 2012ல் அமெரிக்காவில், சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணமான வைரஸை மானுகாத் தேனோடும் குளோவர் பூத்தேனோடும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறத்தாழ 4.5 சதவீத அடர்த்தியில் வைரஸின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தன. 2014ல் ஜப்பானில் நடந்த ஆய்வு இன்னும் நம்பிக்கை ஊட்டியது. இன்ஃப்ளூயன்ஸா வைரஸை மானுகாத் தேன் ஒரு மில்லி லிட்டருக்கு 3.6 மில்லிகிராம் என்ற அளவிலேயே பாதியாகக் குறைத்தது. ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஒசல்டமிவிர், சனமிவிர் மருந்துகளோடு சேர்த்தபோது அந்த மருந்துகளின் தேவையும் மிகக் குறைந்தது. இவை பொய்யில்லை. ஆனால் அக்கி வைரஸ் சோதனையில், மெத்தில்கிளையாக்சால் நிறைந்த மானுகாவும் அது மிகக் குறைந்த குளோவர் தேனும் ஒரே அளவில் வேலை செய்திருப்பது யோசிக்கவைக்கிறது. அப்படியானால் அங்கே வைரஸை அடக்கியது மானுகாவின் தனிச்சிறப்பாக இருக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். இரண்டிலும் பொதுவாக அதிகம் இருப்பது சர்க்கரை. 4.5 சதவீதத் தேன் கலந்த திரவத்தில் செல்கள் நீரை இழந்து சுருங்கும் அளவுக்கு அடர்த்தி ஏறிவிடும். வாடிய செல்லில் வைரஸும் சரியாகப் பெருகாது. அதனால்தான் இத்தகைய சோதனைகளில், தேனில் உள்ள அதே விகிதத்தில் சர்க்கரைகளைக் கரைத்த செயற்கைத் தேனையும் கூடவே வைத்து ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத ஆய்வைப் பாதிக் கணக்கு என்றே கொள்ள வேண்டும்.

மீதிக் கணக்கை நாமே போட்டுவிடலாம். அக்கி வைரஸை அடக்கிய 4.5 சதவீதம் என்பது ஒரு மில்லி லிட்டரில் 45 மில்லிகிராம் தேன். தேனில் குளுக்கோஸ் மட்டும் ஏறத்தாழ 31 சதவீதம். ஆக, ஒரு மில்லி லிட்டரில் 14 மில்லிகிராம் குளுக்கோஸ். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எழுதும் முறையில் சொன்னால் 1,400. வெறும் வயிற்றில் 100ஐத் தாண்டினாலே கவலைப்படும் எண் அது. அந்த அடர்த்தி ரத்தத்தில் வந்தால் வைரஸுக்கு முன் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. ஜப்பானிய ஆய்வின் 3.6 மில்லிகிராம் என்ற அளவு அதைவிட எவ்வளவோ குறைவு. அதற்குமேகூட ரத்தச் சர்க்கரையில் இன்னொரு 110ஐச் சேர்க்க வேண்டும், பிரக்டோஸ் தனி. அதுவும் விழுங்கிய தேன் முழுதாக, உடையாமல், உடல் நீரில் கலந்து அப்படியே நின்றால் வரும் கணக்கு. அப்படி நிற்பதில்லை. குடலில் சர்க்கரைகள் பிரிந்து கல்லீரலுக்குப் போய்விடுகின்றன. பெராக்சைடை நம் திசுக்களிலும் ரத்தத்திலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி கணத்தில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடுகிறது. மானுகாவின் மெத்தில்கிளையாக்சாலைத் தொடர்ந்து சென்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள், அது செரிமானத்தின்போதே வேகமாகச் சிதைந்துவிடுவதாகக் கண்டார்கள். தேனை உண்டவர்களின் சிறுநீரில் அதன் அளவு கூடவே இல்லை. உணவுப்பாதையைக் கடந்த பிறகு, தேன் தேனாக இருப்பதில்லை. நுரையீரலிலோ நரம்பு முடிச்சிலோ உள்ள வைரஸைப் பொறுத்தவரை, நாம் சாப்பிட்டது இனிப்பு.

ஆய்வகத் தட்டில் வென்றதும் உடலில் தோற்றதும் தேனுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து, செல்களில் வளர்ந்த கொரோனா வைரஸை 48 மணி நேரத்தில் ஏறக்குறைய 5,000 மடங்கு குறைத்தது. உலகமே அந்த மாத்திரைக்குப் பாய்ந்தது. ஆனால் அந்தத் தட்டில் பயன்பட்ட அடர்த்தி, வழக்கமான மாத்திரையால் ரத்தத்தில் எட்டக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம். பின்னர் நடந்த பெரிய மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. குளோரோகுயின் கதை இன்னும் நுட்பமானது. குரங்கின் சிறுநீரகச் செல்லில் அது வைரஸைத் தடுத்தது. மனித நுரையீரல் செல்லில் அதே மருந்து தடுக்கவில்லை, ஏனென்றால் அங்கே வைரஸ் வேறு வாசல் வழியாக நுழைகிறது. எந்தச் செல், எந்த அடர்த்தி, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் தெரியாமல், ‘ஆய்வில் நிரூபணம்’ என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. தேனைப் பற்றிய செய்திகளில் இந்த மூன்றும் அநேகமாக எப்போதும் விடுபட்டுப்போகின்றன.

அப்படியானால் தேன் கெட்டியாகவே, கரையாமலே, நெடுநேரம் தொட்டுக்கொண்டிருக்கக்கூடிய இடத்தில் என்ன ஆகிறது? தோல் அப்படிப்பட்ட இடம். உதட்டோரத்தில் ஹெர்பிஸ் வைரஸால் வரும் கொப்புளம் தேனைச் சோதிக்கத் தக்க களம். 2004ல் துபாயில் 16 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு, அசைக்ளோவிர் களிம்பைவிடத் தேன் நன்றாக ஆற்றியதாகச் சொன்னது. இன்றும் பலர் எடுத்துக்காட்டுவது அதைத்தான். 16 பேர் என்பது ஒரு பேருந்தின் முன்பாதி கூட நிறையாத எண்ணிக்கை. அதில் தற்செயலுக்கு இடம் அதிகம். அந்தக் கேள்வியை நியூசிலாந்து ஆய்வாளர்கள் பெரிதாகக் கையிலெடுத்தார்கள். 76 மருந்துக்கடைகளின் வழியாக 952 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அசைக்ளோவிர் களிம்பும் மறுபாதிக்குக் கிளிசரின் கலந்த, கானுகா என்ற மரத்தின் பூத்தேனும் கொடுத்தார்கள். 2019ல் முடிவு வந்தது. தோல் பழைய நிலைக்குத் திரும்பக் களிம்புக்காரர்களுக்கு நடுமதிப்பாக 8 நாள், தேன்காரர்களுக்கு 9 நாள். புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. மருந்துக்குச் சமமாகத் தேன் என்று சில தலைப்புகள் முழங்கின. இங்கே நிதானம் வேண்டும். அசைக்ளோவிர் களிம்பே வெற்றுக் களிம்பைவிடச் சுமார் அரை நாள்தான் முந்தும். மெதுவாக ஓடுபவரோடு சேர்ந்து வந்து சேர்ந்தவர் வேகமாக ஓடினார் என்று சொல்ல முடியுமா? எதையும் பூசாத மூன்றாவது குழு ஒன்று அந்த ஆய்வில் இருந்திருந்தால் விடை தெளிந்திருக்கும். தேன் கெடுதல் செய்யவில்லை, களிம்பைவிட மோசமாக இல்லை என்பது வரை உறுதியாகச் சொல்லலாம்.

தோலை விட்டால் தேன் நேராகத் தொடும் இன்னோர் இடம் தொண்டை. இங்கேதான் சான்று வலுக்கிறது; இங்கே நாம் கேட்கும் கேள்வியும் மாறுகிறது. 2007ல் பென்சில்வேனியாவில் சளிக்காய்ச்சலால் இருமும் 105 பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். படுக்கும் முன் ஒரு பிரிவுக்குத் தேன், ஒரு பிரிவுக்குத் தேன்சுவை ஊட்டிய டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்து, ஒரு பிரிவுக்கு எதுவுமில்லை. மறுநாள் பெற்றோர் சொன்ன மதிப்பெண்களில், எதுவும் பெறாதவர்களைவிடத் தேன் பெற்றவர்கள் தெளிவாக மேம்பட்டிருந்தார்கள். இருமல் மருந்துக்கோ அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. 2012ல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயது வரையான 300 குழந்தைகளுக்கு 10 கிராம் அளவில் மூன்று வகைத் தேன்களையும், பார்வைக்கும் சுவைக்கும் தேனைப் போன்ற பேரீச்சம்பழப் பாகையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். பாகு பெற்றவர்களுக்கும் இருமல் குறைந்தது. தேன் பெற்றவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. காக்ரேன் குழுவினர் 2018ல், 899 பிள்ளைகள் பங்கேற்ற ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, எதுவும் கொடுக்காததைவிடத் தேன் மேல், டெக்ஸ்ட்ரோமெத்தார்பனுக்குத் தேன் ஏறக்குறைய நிகர் என்ற முடிவுக்கு வந்தார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதைத் தாண்டியவர்களின் திடீர் இருமலுக்கு வீட்டில் செய்து பார்க்கக்கூடியவற்றில் தேனும் இடம்பெற்றது.

இந்த ஆய்வுகளில் எதிலும் வைரஸை எண்ணவில்லை என்பதை அடிக்கோடிட வேண்டும். எண்ண வேண்டிய தேவையும் இல்லை. தொண்டையில் வழியும் தேன் சில நிமிடங்களில் உமிழ்நீரில் கரைந்து இறங்கிவிடும். உமிழ்நீர் அதன் புளிப்பையும் தணித்துவிடும். சளி வைரஸின் முக்கியக் குடியிருப்பான மூக்கின் உட்புறத்தைத் தேன் தொடுவதேயில்லை. பிறகு எப்படி இருமல் அடங்குகிறது? கெட்டியான திரவம் எரிச்சலுற்ற தொண்டைத் தோலுக்குப் போர்வையாகிறது, உமிழ்நீரைச் சுரக்கவைக்கிறது. இனிப்புக்கே தனிப் பங்கும் உண்டு. இனிப்பை வாயில் வைத்தவர்களுக்கு இருமல் வரவைக்கக் கூடுதலான தூண்டல் தேவைப்பட்டதை அமெரிக்க ஆய்வு ஒன்று 2012ல் காட்டியது. சுவை நரம்புகளும் இருமலை ஏவும் நரம்புகளும் மூளைத் தண்டில் அருகருகே வந்து சேர்வது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அப்படியென்றால் இது வெறும் மனத்திருப்திதானே என்று ஒரு மறுப்பு எழும். பெற்றோருக்குத் தாங்கள் கொடுப்பது தேன் என்று தெரிந்தால் மதிப்பெண்ணும் சாயும் என்பது உண்மை. இருமல் ஆய்வுகளின் பெரிய பலவீனமே அது. ஆனால் பேரீச்சம்பழப் பாகோடு ஒப்பிட்டபோதும் தேன் முந்தியது. அது முந்தாமலே இருந்தாலும், இரவு முழுக்க இருமும் மூன்று வயதுக் குழந்தையும் அதன் தாயும் நான்கு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால், அந்தத் தூக்கம் பொய்யாகிவிடாது.

கொரோனாவைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. 2020ல் பாகிஸ்தானில், லாகூரை மையமாக வைத்து 313 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் தேனும் கருஞ்சீரகமும் சேர்த்துக் கொடுத்தபோது அறிகுறிகள் விரைவாக நீங்கின, கடுமையாக நோயுற்றவர்களில் இறப்பும் குறைந்தது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. குலுக்கல் முறையில் நடந்த மருத்துவ ஆய்வு அது. ஆனால் இரண்டு பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் எதனுடையது என்று பிரிக்க முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் தேன் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 கிராம். சில மருந்துகளைத் தவிர வேறெதுவும் அசைக்க முடியாத இறப்பு விகிதத்தைத் தேன் இப்படிக் குறைத்திருக்குமானால், வேறு ஊரில், வேறு கைகளில், தேனைத் தனியாக வைத்துச் செய்தாலும் அந்த வியப்பு மறுபடி தெரிய வேண்டும். ஒரே ஓர் ஆய்வு எவ்வளவு இனிப்பான முடிவைத் தந்தாலும், அதன்மேல் உயிரை வைக்க முடியாது.

ஆயிரம் ஆண்டு அனுபவம் பொய்யா என்று கேட்போருக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். பழம் எகிப்தியர் புண்ணுக்குத் தேன் தடவினார்கள். அந்த அனுபவம் மெய்யென்று இன்றைய கட்டுத்துணிகள் காட்டுகின்றன. நம் சித்த மருத்துவம் மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று தேனை இடம்பார்த்துப் பிரித்தது. வேதியியல் கருவிகள் இல்லாத காலத்தில், எல்லாத் தேனும் ஒன்றில்லை என்று கண்டுகொண்ட கூர்மை அது. அதே மருத்துவத்தில் தேனுக்கு மிகப் பெரிதாகக் கொடுக்கப்பட்ட வேலை எது? அனுபானம். திப்பிலிப் பொடியையோ திரிகடுகுச் சூரணத்தையோ குழைத்து நாவில் இறக்கும் துணைப்பொருள். மருந்தைத் தொண்டையோடு ஒட்டவைத்து, காரத்தை ஆற்றி, விழுங்கவைக்கும் அந்தப் பணி, இன்றைய இருமல் ஆய்வுகள் தேனுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும் பணிக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. தேன் வைரஸைக் கொல்லும் என்று நம் முன்னோர் சொல்லவில்லை. வைரஸ் என்ற ஒன்று உண்டென்று உலகம் அறிந்ததே 1890களில்தான். ஒரு வாரத்தில் தானே இறங்கும் சளியில், எந்த மருந்தைக் கொடுத்தாலும் அனுபவம் அதற்கே வெற்றி மாலை சூட்டும். புண் ஆறுவதையும் தொண்டை இதமாவதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல அனுபவம் போதும். காய்ச்சல் எதனால் இறங்கியது என்று சொல்ல, தேன் கொடுக்காத இன்னொரு கூட்டம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்ற விளம்பர வாசகத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. எதிர்ப்பாற்றல் என்பது குடத்தில் ஊற்றி நிரப்பும் தண்ணீரைப்போல் ஒற்றை அளவு கொண்டதன்று. கொரோனாவில் மூச்சுத்திணறிக் கிடந்த பலரின் உயிரைக் காத்த டெக்சாமெத்தசோன், எதிர்ப்பாற்றலின் மிகைப்பாய்ச்சலைத் தணிக்கும் மருந்து. அந்த வாசகத்தை நம்பி மக்கள் தேன் வாங்கிக் குவித்த அதே 2020ன் டிசம்பரில், டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சந்தையிலிருந்த 13 பிராண்டுகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் தேறியவை 3. எஞ்சியவற்றில் சர்க்கரைப்பாகு கலந்திருப்பதாக அந்த மையம் சொன்னது. நொதியும் இல்லாத, பூவும் இல்லாத பாகை வைரஸ் மருந்தாக விழுங்கிய நீரிழிவு நோயாளிகளுக்கு என்ன கிடைத்திருக்கும்? உண்மையான தேனிலும் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை உண்டு. அவர்களுக்கு அது சாதாரணச் சர்க்கரைக்குப் பெரிய மாற்றில்லை.

வைரஸைக் கொல்லாத தேனுக்கு இவ்வளவு பக்கம் எதற்கு என்று தோன்றலாம். இருமலுக்கு நாம் இன்று என்ன கொடுக்கிறோம் என்று பார்த்தால் காரணம் விளங்கும். வைரஸ் இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் துளியும் பயன்படாது. ஆனாலும் கொடுக்கப்படுகிறது, அதனால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இருமல் சிரப்புகளின் நிலை இன்னும் வேதனையானது. காம்பியாவில் 2022ல், டைஎத்திலின் கிளைக்கால் என்ற நச்சு கலந்த சிரப்புகளோடு குறைந்தது 66 குழந்தைகளின் இறப்பு தொடர்புபடுத்தப்பட்டது. அந்தச் சிரப்புகள் தயாரானது இந்தியாவில். சளிக்குக் கொடுக்கும் ஒரு கூட்டு மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ல் எச்சரிக்க வேண்டியிருந்தது. தானாக ஆறப்போகும் நோய்க்கு, சிறுநீரகத்தைப் பறிக்கக்கூடிய ஆபத்தை எந்தப் பெற்றோரும் தெரிந்து ஏற்க மாட்டார்கள். எதையாவது கொடுத்தாக வேண்டும் என்ற தவிப்புக்கு நடுவே, கெடுதல் குறைந்த, கொஞ்சம் நிச்சயமாக உதவும் ஒரு கரண்டித் தேன் அந்த இடத்தை நிரப்புமானால், அது எந்த வைரஸையும் கொல்லாமலே உயிர்களைக் காத்ததாகும்.

கெடுதல் குறைந்தது என்ற சொல் ஒரு வயது வரை பொருந்தாது. பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுவைக்கும் சேனை வழக்கம் நம்மிடம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் உறங்கிக் கிடக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைக்க மற்ற நுண்ணுயிர்கள் இடம் விடுவதில்லை. பச்சிளம் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையாததால், அவை முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. 1976ல் கலிபோர்னியாவில் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சும் வலு குறையும், அழுகை மெலியும், இமை தொங்கும், கழுத்து நிற்காது. வீட்டு அடுப்பில் தேனைக் காய்ச்சினாலும் அந்த விதைகள் சாவதில்லை. ஆகவே முதல் பிறந்தநாள் வரை தேன் வேண்டாம், ஒரு துளியும் வேண்டாம். அதன் பிறகு, இரவு இருமலுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை கொடுக்கலாம், பல் விளக்க மறக்காமல். கொடுத்துவிட்டு, குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயது வரையான குழந்தைக்கு அந்த எண்ணிக்கை 40ஐத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, நோய் தேன் தொடமுடியாத இடத்துக்கு இறங்கிவிட்டது. விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.